கொற்றவைக்கு வைத்த வேறு பெயர்

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களில் மிகச் சிறியது திரௌபதி ரதம். செங்கல்பட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டு வருவேன். ஒவ்வொரு முறையும் அதன்மேல் மதிப்பு கூடுகிறது. 7ஆம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் ஒற்றைப் பாறையில் செதுக்கிய இந்தக் கோயிலுக்கு அடுக்குத் தளங்கள் இல்லை. கூரை வேய்ந்த குடிசையின் வடிவம். முதலில் என்னை ஈர்த்தது அந்த எளிமை. பிறகு, வாசலின் இருபுறமும் காவல் நிற்கும் பெண்கள். உள்ளே நிற்பவள் கொற்றவை. அவள் காலடியில் ஆண்கள் மண்டியிட்டிருக்கிறார்கள். ஒருவன் தன் தலையையே அரிந்து தர முனைகிறான். வெளியே அவளுடைய சிங்கம்.

ரதங்களுக்குப் பாண்டவர் பெயர்கள் வந்தது பிற்காலத்தில். பாரதக் கதைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. மற்ற நான்கும் கணவர்கள் பெயரில் இருக்க, இது மனைவியின் பெயரைப் பெற்றது. திரௌபதியைக் குறைத்துச் சொல்லவில்லை. இம்மண்ணில் அவளும் தீமிதி காணும் அம்மன்தான். ஆனால் கருவறையில் கணவன் யாருமின்றித் தனியே நிற்பவளை ஐவரின் மனைவியாக அறிமுகப்படுத்தினால், பார்ப்பவர் கண்ணும் மனைவியைத்தான் தேடும். காவல் பெண்களும் சிங்கமும் கவனத்தில் படாமலே போகும். கல்லில் பெண்ணின் அதிகாரத்தைச் செதுக்கியவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, இதைக் கொற்றவைக் கோயில் என்று சொல்லிப் பழகுவதுதான்.