இளையராஜாவின் திருவாசகம்: கேட்டவர்கள் சொன்னதும் நான் கேட்டதும்

இசைஞானி இளையராஜா 1976-ல் 'அன்னக்கிளி' படத்தின் மூலம் திரையுலகுக்கு வந்தார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறியது. இந்த நெடும் பயணத்தின் நடுவழியில், 2005-ல் வந்தது அவருடைய திருவாசக இசைத்தட்டு. ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. ஆங்கில வரிகளை அமெரிக்க நாடகப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதினார். கத்தோலிக்கப் பாதிரியார் ஜெகத் கஸ்பர் அவர்களின் தமிழ் மையம் அதை வெளியிட்டது. சினிமாப் பாட்டில் ராஜாவைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய நம்மவர்கள் இந்தத் தட்டை வைத்துத்தான் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். அந்த வழக்கு கப்பலேறி நம் அந்தமானுக்கும் வந்து சேர்ந்தது.

என் கடை பாத்திரக்கடை. பாத்திரம் வாங்க வருகிறவர்கள் பேச்சும் வாங்கிப் போவார்கள், கொடுத்தும் போவார்கள். இந்த இசைத்தட்டைப் பற்றி அங்கே நான் கேட்ட அபிப்பிராயங்களை ஒவ்வொன்றாக எடுத்து, சரக்கை நிறுத்துப் பார்ப்பதுபோல நிறுத்துப் பார்க்கலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன் எனக்கு வந்த கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். "நயினாரே, நீங்க சமணர். உங்களுக்குத் திருவாசகத்துல என்ன வேலை?" என்றார் ஓர் அன்பர். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் சீவக சிந்தாமணிக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் சமணர் அல்லர். 1887-ல் அதைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரும் சமணர் அல்லர். கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய் ஐயம் கேட்டுத் தெளிந்து பதிப்பித்தார். 1900-ல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் கொடுத்த ஜி.யு.போப் கிறித்தவர். அவர்கள் எல்லாம் அடுத்த வீட்டு நூலைப் படித்ததால்தான் தமிழ் பிழைத்தது. படிக்க அவர்களுக்கு இருந்த உரிமை, கேட்க எனக்கும் உண்டு.

முதல் அபிப்பிராயம்: "இது சிம்பொனியே இல்லைங்கண்ணா." சொன்னவர் மாதாகோயில் பாடற்குழுவில் பாடுகிற ஒரு சகோதரி. அவர் சொன்னது சரி. சிம்பொனி என்பது பெரும்பாலும் பல பகுதிகளாக அமையும் கருவியிசை. பீத்தோவன் 1824-ல் தம் ஒன்பதாம் சிம்பொனியில் மனிதக் குரலைச் சேர்த்தது அன்றைக்குப் புதுமை. சமய நூலின் சொற்களைத் தனிக்குரலும் குழுக்குரலும் பெரிய வாத்தியக்குழுவோடு பாடினால் அதற்கு 'ஆரட்டோரியோ' என்று பெயர். ஹாண்டெலின் 'மெசையா' அந்த இனம். ராஜாவின் திருவாசகமும் அந்த இனமே. பெயர்ப்பலகையில் குறை இருக்கிறது, சரக்கில் இல்லை. எவர்சில்வர் குடத்தைப் பித்தளைக் குடம் என்று எழுதி வைத்துவிட்டால் தண்ணீர் ஒழுகிவிடாது.

இரண்டாம் அபிப்பிராயம்: "ஓதுவார் பாடுற மரபைக் கெடுத்துட்டார்." இது ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சொன்னது. இங்கே நான் மாறுபடுகிறேன். தேவாரத்துக்குப் பண் வகுப்பு உண்டு. திருவாசகத்துக்கு அப்படிப் பண் குறித்து வைக்கவில்லை. மோகன ராகத்தில் பாடுவது பின்னால் வந்து நிலைத்த வழக்கம், அழகான வழக்கம். அதற்கும் அப்பால் ஒன்று உண்டு. மாணிக்கவாசகரே தெருவிலும் முற்றத்திலும் இருந்த பாட்டுகளை எடுத்துக்கொண்டவர்தானே? அம்மானை, சாழல், பூவல்லி, ஊசல் எல்லாம் பெண்பிள்ளைகள் விளையாடிக்கொண்டே பாடியவை. ராஜா எடுத்த ஆறு பாடல்களில் 'முத்துநல் தாமம்' திருப்பொற்சுண்ணத்தைச் சேர்ந்தது. உரலில் வாசனைப்பொடி இடிக்கிற பெண்கள் பாட்டு. 'பூவேறு கோனும்' திருக்கோத்தும்பி. வண்டைக் கூப்பிட்டுச் சொல்கிற பாட்டு. தெருப்பாட்டைச் சிவனிடம் கொண்டுபோனவர் அவர். பண்ணைப்புரத்து நாட்டுப்புற இசையைப் புடாபெஸ்டுக்குக் கொண்டுபோனவர் இவர். இவர் மரபை மீறினார் என்றால், அவரும் மீறியவர்தான்.

மூன்றாம் அபிப்பிராயம்: "நடுவுல இங்கிலீஷ் எதுக்கு?" இதில் பாதி சரி, பாதி தவறு. நம் தீவில் பிள்ளைகள் வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இந்தி, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் என்று வளர்கிறார்கள். அவர்களுக்கு அந்த ஆங்கில வரிகள் ஒரு வாசற்படி. படி வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் படி எந்த இடத்தில் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். 'பொல்லா வினையேன்' பாடல் சிவபுராணப் பகுதி. புல், பூண்டு, புழு, மரம் என்று தொடங்கித் தேவர் வரைக்கும் தாம் பிறந்து பிறந்து இளைத்ததை அடிகள் மூச்சுவிடாமல் அடுக்குகிறார். மூச்சு வாங்க இடம் கொடுக்காததுதான் அந்த இடத்தின் பொருள். படிக்கிற நமக்கும் இளைக்க வேண்டும். அங்கே ஆங்கிலம் வந்து நின்று விளக்கம் சொல்லும்போது களைப்பு கலைந்துவிடுகிறது. இந்தத் தட்டில் நான் காணும் பெரிய குறை இது ஒன்றே.

ஆனாலும் அந்தப் பாடல்தான் என்னை உட்கார வைத்தது. அந்தப் பிறவிப் பட்டியலில் 'கல்'லும் வருகிறது. கல் எப்படிப் பிறவியாகும் என்று பலர் மயங்குவார்கள். சமணர் காதுக்கு அதில் மயக்கமே இல்லை. மண், நீர், தீ, காற்று, செடிகொடி ஆகியவற்றை உடம்பாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டு என்பது எங்கள் பாலபாடம். புஸ்தகத்தில் பல தடவை படித்தும் கண் கடந்துபோன அந்தச் சொல், பாட்டாக வந்தபோதுதான் காதில் நின்றது. இசையமைப்பு ஒரு நூலுக்குச் செய்யக்கூடிய நன்மை இதைவிட வேறென்ன?

நான்காம் அபிப்பிராயம் ராஜாவின் குரலைப் பற்றியது. "நல்ல பாடகரை வச்சுப் பாடியிருக்கலாம்" என்றவர்கள் நிறைய. குரலில் கரகரப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இது தன்னைத் தாழ்த்திச் சொல்கிற நூல். வழவழப்பான குரலில் ஒருவர் "நான் கடையேன்" என்றால் நமக்கு நம்பிக்கை வராது.

இதை எனக்குப் புரியவைத்தவர் பெரிய நிக்கோபாரிலிருந்து வந்த ஓர் அம்மாள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் வீடுவாசல் போய், இங்கே உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். தட்டு வந்தது அடுத்த ஆண்டு. நிலநடுக்கம் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்த காலம். அச்சப்பத்திலிருந்து எடுத்த 'புற்றில்வாழ் அரவும் அஞ்சேன்' பாடலை அவர் திரும்பத் திரும்பப் போடச் சொல்வாராம். பாம்பு, வேல், நோய், யானை, இடி எதற்கும் அஞ்சேன் என்று அடிகள் சொல்லும் பதிகம் அது. "பயமில்லைன்னு சும்மா சொல்லலை தம்பி. பயந்த மனுஷன்தான் இத்தனையையும் எண்ணி வச்சிருப்பான்" என்றார் என்னிடம். உரைநூல்களில் நான் காணாத உரை அது. அந்த வரிகளுக்கு நடுக்கம் தெரிந்த குரல்தான் பொருந்தும்.

அதே பதிகத்தில், திருநீறு அணியாதவரைக் கண்டால் அஞ்சுவேன் என்றும் அடிகள் பாடுகிறார். நான் அணியாதவன். என்னைப் பார்த்தால் அவர் அஞ்சுவார் என்று தெரிந்தும் கேட்கிறேன். ஒரு நூல் என்னை வெளியே நிறுத்துகிற இடத்தையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் அதை ரசிக்க முடிவதுதான் படிப்பின் பயன். பழைய சண்டைகளை மறந்துவிட்டோம் என்று நடிப்பதைவிட இது நேர்மை.

ஆக, கேட்டவர்கள் சொன்ன குறைகளில் பெயரைப் பற்றியது சரி, ஆங்கிலத்தைப் பற்றியது பாதி சரி, மரபையும் குரலையும் பற்றியவை நிற்கவில்லை. இசைத்தட்டு நிற்கிறது.

இந்த மலரைப் படிக்கும் குடும்பங்களுக்கு ஒரு விண்ணப்பம். திருவாசகம் 51 பகுதிகள் கொண்டது. ராஜா தொட்டது ஆறுதான். பிள்ளைகளுக்கு இந்தப் பாடல்களைப் போட்டுக் காட்டுங்கள். கூடவே மூலநூலையும் கையில் கொடுத்து, பாட்டு ஓடும்போது விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே வரச் சொல்லுங்கள். ஆங்கிலம் வருகிற இடத்தில் விரல் நிற்கும். "அப்பா, இது புஸ்தகத்துல இல்லையே" என்று பிள்ளை கேட்கும். அங்கிருந்து நீங்கள் தமிழில் சொல்லத் தொடங்கலாம்.