ஏட்டில் அடங்கும் சுரமும் அடங்காத கமகமும்: தொலைவிலிருந்து இசை கற்றலும் இயற்றலும்

நெகிரி செம்பிலானில், சிரம்பான் நகரை ஒட்டிய ராசாவிலும் அதனைச் சூழ்ந்த மம்பாவ், ரந்தாவ், லாபு வட்டாரங்களிலும் இரப்பர்த் தோட்டங்களை நம்பி வாழ்ந்த தமிழர்க்குக் கருநாடக இசை பெரும்பாலும் தொலைவிலிருந்தே வந்து சேர்ந்தது. காவடிச் சிந்தும் பசனைப் பாடல்களும் வாய்மொழியாகக் கப்பலேறி வந்தன. கீர்த்தனைகள் வானொலியிலும் இசைத்தட்டிலும் வந்தன. குருவின் முன் அமர்ந்து கற்கும் வாய்ப்பு நகரத்தார் சிலர்க்கே கிட்டிற்று. இன்று அதே வட்டாரத்து மாணவர் கணினித் திரையில் சென்னை ஆசிரியரிடம் பாடம் கேட்கிறார். சிலர் தாமே பாட்டும் இயற்றுகின்றனர். இம்முறையால் எது கைவருகிறது, எது நழுவுகிறது என்பதை ஈண்டு நோக்குவோம்.

தொலைவிலிருந்து கற்பித்தல் கணினியோடு தொடங்கியதன்று. எட்டயபுரத்தில் 1904ஆம் ஆண்டு வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’, நேரிற் காணாத மாணவனையும் கருதிச் செய்யப்பட்ட நூல் எனலாம். அவர் சுரங்களை மட்டும் எழுதி நிறுத்தவில்லை. கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ஜாரு முதலிய கமகங்களுக்குத் தனித்தனி அடையாளங்களை வகுத்து அச்சேற்றினார். அச்சுக்கோப்போர்க்கு அது எத்துணைத் தொல்லையாக இருந்திருக்கும் என்பதை அந்நூலைப் புரட்டியவர் அறிவர். பின்வந்த பாடநூல்கள் பலவும் அவ்வடையாளங்களைக் கைவிட்டு வெறும் சுரத்தையும் தாளக்குறியையும் மட்டும் தந்தன. விலை குறைந்தது, விற்பனை பெருகிற்று. ஆயின் தொலைவிலுள்ள மாணவன் இழந்ததே மிகுதி என்பது நம் கருத்து.

தோடி இராகத்தை எடுத்துக்கொள்வோம். ஏட்டில் ‘க’ என்னும் ஓரெழுத்தே உள்ளது. பாடுகையில் அக்காந்தாரம் ஓரிடத்தில் நில்லாமல் ரிஷபத்திற்கும் மத்திமத்திற்கும் இடையே அசைகிறது. அவ்வசைவே தோடி. ஆர்மோனியத்தில் அக்கட்டையை அழுத்தினால் எட்டாவது மேளத்தின் சுரம் ஒலிக்கும், தோடி ஒலிக்காது. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்ததற்குக் கூறப்பட்ட காரணங்களுள் இதுவும் ஒன்று. (தோட்டத்துப் பசனைக் குழுக்கள் அத்தடையைப் பொருட்படுத்தாமல் ஆர்மோனியத்தையே நம்பி வாழ்ந்தன. அதில் அவற்றுக்குக் குறையும் இல்லை. பசனைக்கு வேண்டியது வேறு.)

ஆபிரகாம் பண்டிதரின் முயற்சி இங்குக் கருதத்தக்கது. தஞ்சையில் சித்த மருத்துவராக வாழ்ந்த அவர், 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். தமிழில் தாம் இயற்றிய பாடல்களை முன்னரே சுரக்குறிப்புடன் அச்சிட்டிருந்தார். எழுத்தின் ஆற்றலில் அவரினும் நம்பிக்கை கொண்டவர் அரியர். எனினும் 1916ஆம் ஆண்டு பரோடாவில் நடைபெற்ற இசை மாநாட்டில் தம் சுருதிக் கொள்கையை நிலைநாட்ட அவர் கணக்கை மட்டும் நம்பவில்லை; தம் மகளிரை உடன் அழைத்துச் சென்று இசைத்துக் காட்டச் செய்தார். பெருநூல் எழுதியவர்க்கே செவிச்சான்று வேண்டியிருந்தது.

திரைவழிப் பாடம் இக்குறையைத் தீர்த்துவிட்டதாகப் பலரும் எண்ணுகின்றனர். ஒரு பாதி உண்மை. கமகத்தை இப்போது காதால் கேட்கலாம், நூறு முறை திருப்பிக் கேட்கலாம். ஆனால் ஒலி சென்று மீளும் சிறு தாமதத்தால் ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே பாட இயலாது. தாளம் ஒருவர்க்கு ஒருவர் பிந்தும். உரையாடலுக்கென அமைந்த மென்பொருள் தம்பூராவின் சீரான ஒலியை இரைச்சலெனக் கருதி வடிகட்டிவிடுவதும் உண்டு. சுருதியைக் கேளாமல் சுருதி சேரப் பாடு என்பது மாணவர்க்கு எத்தகைய கட்டளை! மாணவர் தம் பாடலைத் தனியே பதிவுசெய்து அனுப்ப, ஆசிரியர் இடம் சுட்டித் திருத்தி மீள அனுப்புவதே இதனினும் பயனுடையது. அது பழைய அஞ்சல்வழிக் கல்வியின் முறைதான்.

இயற்றுதலுக்கு வருவோம். தொலைவிலிருந்து கற்பவர் இயற்றும் பாடல்களில் இரு குறைகள் மிகுதியாகத் தென்படுகின்றன. ஆரோகண அவரோகணத்தில் உள்ள சுரங்களை மட்டும் பிசகாமல் அடுக்கிவிட்டு மேலே இராகப் பெயரை எழுதிவிடுவது ஒன்று. மோகனம் இதனை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், சகானா பொறுக்காது. சகானாவின் உருவம் அதன் பிடிகளில் உள்ளது, வரிசையில் இல்லை. கீர்த்தனைகள் இருபதேனும் நெட்டுருவாகாமல் அவ்விராகத்தில் எழுத முற்படுதல் அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு வெண்பா பாட முற்படுவது போன்றது.

மற்றொன்று சொல்லில் நேர்வது. குறிலின்மேல் நீண்ட கார்வை விழுந்தால் ‘மலை’ ‘மாலை’யாகக் கேட்கிறது, ‘கலை’ ‘காலை’யாகிறது. எடுப்பு தவறான இடத்தில் அமைந்தால் சொல் இரண்டாகப் பிளந்து பொருள் சிதைகிறது. இயற்றுபவர் தம் பாடலைத் தாமே அறிந்திருப்பதால் இது அவர் காதில் படுவதில்லை. கேட்பவர்க்கு உடனே படும்.

இவ்விரண்டாம் குறையைத் திருத்த இசை ஆசிரியர் வேண்டுவதில்லை. குறில் நெடிலும் சீர் பிரிப்பும் அறிந்த தமிழாசிரியர் எந்தத் தமிழ்ப்பள்ளியிலும் உள்ளார். அவரிடம் பாடலை எழுத்தாகக் காட்டினால் அவர் எதுகை மோனையை மட்டுமே பார்ப்பார். பாடிக் காட்டினாலன்றிப் பிளவுபட்ட சொல் அவர்க்குப் புலப்படாது. ராசாவில் இயற்றுபவர்க்கு இவ்வுதவி நடந்தே செல்லும் தொலைவில் உள்ளது. தோடியின் காந்தாரத்திற்கோ, திரையின் முன் எத்தனை மாலைகள் கழிந்தாலும், ஒருமுறையேனும் கோலாலம்பூர் வரை சென்று ஓர் ஆசிரியரின் எதிரே அமர்ந்தாக வேண்டும்.