பாக்கோடு பேசியது எந்தப் பாட்டில்?

தேவாரத்தில் உட்கார்ந்துகொண்டு இளையராஜாவை விமர்சித்து எழுதுவதில் ஒரு சிக்கல் இருக்கு. பண்ணைப்புரம் எங்களுக்குப் பக்கத்து ஊர். டீக்கடையில் "நம்மாளு" என்று ஒருத்தர் ஆரம்பித்துவிட்டால் அதுக்கு மேல பேச முடியாது. 2025 மார்ச் 8-ல் லண்டனில் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறிய பிறகு கேட்கவே வேண்டாம்.

ராஜாவின் மேற்கத்திய இசை என்றால் அந்த சிம்பொனியையும், 1986-ல் வந்த 'ஹௌ டு நேம் இட்' ஆல்பத்தையும்தான் எல்லோரும் காட்டுவார்கள். என் கணக்கு வேற. பாக் அவருக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறார் என்று பார்க்க சினிமாப் பாட்டுக்குத்தான் போகணும்.

'ஹௌ டு நேம் இட்' தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை. அதில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஒன்று. பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டாவின் முதல் பகுதி அடியில் ஓடும். அதுக்கு மேல் வி. எஸ். நரசிம்மனின் வயலின் நம்ம ஊர் கமகத்தோடு இழையும். முதல் தடவை கேட்டப்போ எனக்கும் சிலிர்த்தது. நாலைந்து தடவைக்குப் பிறகு ஒன்று உறைத்தது: பாக் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறார், ராஜா அவர் மேல் பேசுகிறார். 1720-ல் எழுதி முடித்த ஸ்வரங்கள், பதில் சொல்ல வழியில்லை. அழகான வயலின்தான். ஆனா சந்திப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரலை.

இப்போ எட்டு வருஷம் பின்னால் போங்க. 1978, 'சிட்டுக்குருவி' படம், 'என் கண்மணி' பாட்டு. பாலசுப்ரமணியமும் சுசீலாவும் பாடியது. ஒரே ஆளின் குரல் இரண்டாகப் பிரிந்து, ஒன்று வாயால் பேச, இன்னொன்று மனசுக்குள்ளிருந்து குறுக்கே வரும். தனித்தனியாகக் கேட்டாலும் அர்த்தம் வரும். சேர்த்துக் கேட்டால் மூன்றாவதாக ஒரு வாக்கியம் கிடைக்கும். இதுதான் கவுண்டர்பாயின்ட். ஒரு மெட்டுக்கு இன்னொன்று துணைக்கு நிற்பதில்லை, இரண்டுக்கும் சம உரிமை. ஒன்று மூச்சு விடும் இடத்தில் மற்றது நுழையணும், அதுக்கு ஒன்றையொன்று கேட்டாகணும். சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் படித்த பாடத்தை 'அன்னக்கிளி' வந்து இரண்டே வருஷத்தில், பஸ்ஸில் நடக்கிற ஒரு காதல் காட்சிக்குள் வைத்துவிட்டார். வாலியும் அதுக்கு ஈடு கொடுத்து எழுதியிருக்கிறார். பாக்கின் ஒரு ஸ்வரம்கூட அதில் இல்லை. அவருடைய முறை மட்டும்தான் இருக்கு.

"கிராமத்து மெட்டு அவர் ரத்தத்தில் இருந்தது, மேற்கத்தியது சென்னையில் ஒட்டிக்கொண்டது" என்கிற பேச்சும் இந்தப் பாட்டிடம் எடுபடாது. எங்கே தையல் இருக்குன்னு காட்டச் சொன்னா யாராலும் காட்ட முடியாது.

நம்பிக்கை வராதவர்கள் 'பகல் நிலவு' (1985) படத்தின் 'பூமாலையே' பாட்டைப் போடுங்க. முதல் தடவை ஜானகி குரலை மட்டும் பிடிச்சுக்கிட்டு பல்லவி முழுக்கப் போங்க. அடுத்த தடவை ராஜா குரலை மட்டும். மூணாவது தடவை இரண்டையும் சேர்த்துக் கேளுங்க.