தாமஸ் அலெக்சாண்டரின் ஸ்டெமி ஆய்வு: எண்கள் உண்மையில் என்ன சொல்லுது?

இதய மருத்துவர்களைப் பற்றி நாம எழுதுற கட்டுரைகளுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. எத்தனை ஆயிரம் ஆஞ்சியோ, எத்தனை ஸ்டென்ட், யாரிடம் பயிற்சி, என்ன விருது. சென்னையின் மேத்யூ சாமுவேல் களரிக்கல் 2025 ஏப்ரலில் காலமானபோது நான் படித்த அஞ்சலிகள் இந்த அச்சில்தான் இருந்தன. அவருக்கு அது பொருத்தம்தான். 1977-ல் சூரிக்கில் முதல் பலூன் ஆஞ்சியோபிளாஸ்டியைச் செய்த ஆண்ட்ரியாஸ் குருண்ட்சிக்கிடமே அமெரிக்காவில் கற்று, 1980களில் அந்த முறையை இந்தியாவில் வேரூன்ற வைத்தவர் அவர். அங்கே கதையே கைத்திறமை பற்றியது.

ஆனால் கோவை கே.எம்.சி.எச். மருத்துவமனையின் தாமஸ் அலெக்சாண்டரை இந்த வாய்ப்பாட்டுக்குள் அடைக்க முடியாது. அவரும் குழாய்க்குள் கம்பி விட்டு அடைப்பை எடுக்கிறவர்தான். ஆனால் அவர் பெயரில் நிற்கிற முக்கியமான ஆராய்ச்சி பலூனைப் பற்றியோ ஸ்டென்ட்டைப் பற்றியோ இல்லை. ஆம்புலன்ஸ், போன், இன்சூரன்ஸ், ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் நடுவில் இருக்கிற ரோடு இவைகளைப் பற்றியது. சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் அஜித் முல்லாசரியோடு சேர்ந்து ‘ஸ்டெமி இந்தியா’ என்ற அமைப்பைத் தொடங்கினார். கோவை–ஈரோடு பகுதியில் முதலில் ஒரு சிறிய முன்னோட்டம் பார்த்துவிட்டு, தமிழ்நாட்டில் பெரிதாகச் செய்தார்கள். முடிவு 2017-ல் ‘ஜாமா கார்டியாலஜி’ இதழில் வந்தது. இங்கே நான் பார்க்கப் போறது அந்தக் கட்டுரையைத்தான்.

ஸ்டெமி என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று முழுசா அடைபட்டு வரும் மாரடைப்பு. ஈ.சி.ஜி.யிலேயே தெரிந்துவிடும். அடைப்பை எவ்வளவு சீக்கிரம் திறக்கிறோமோ அவ்வளவு தசை பிழைக்கும். திறக்க இரண்டு வழி. உடனடியாக ஆஞ்சியோபிளாஸ்டி செய்வது ஒன்று. அதுக்கு கேத் லேப் வேணும், அதை இயக்க ஆளும் வேணும். இன்னொன்று ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி. இதை சின்ன ஆஸ்பத்திரியிலும் போடலாம்.

அலெக்சாண்டர் குழு இரண்டையும் கோர்த்தது. முதலில் வந்த இடத்தில் ஈ.சி.ஜி. எடுத்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது, கட்டி கரைக்கும் ஊசியை அங்கேயே போடுவது, அப்புறம் 3 முதல் 24 மணி நேரத்துக்குள் கேத் லேப் இருக்கிற இடத்துக்கு ஆளைக் கொண்டுபோய் ஆஞ்சியோ பார்ப்பது. பணக்கார நாட்டு வழிமுறையை அப்படியே இறக்காமல், இங்கே என்ன இருக்கோ அதிலிருந்து யோசித்தது இந்த வேலையின் பெரிய பலம். 108 ஆம்புலன்ஸ் 2008-லிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் 2012-ல் வந்தது. இரண்டையும் ஒரு சங்கிலியின் கண்ணிகளாக்கியது நல்ல மூளை.

இனி எண்கள். மொத்தம் 2,420 நோயாளிகள். திட்டம் வருவதற்கு முன் 898 பேர், வந்த பின் 1,522 பேர். ஆஞ்சியோ செய்துகொண்டவர்கள் 35 சதவீதத்திலிருந்து 60.8 ஆனார்கள். ஆஞ்சியோபிளாஸ்டி 29.5-லிருந்து சுமார் 46.5. ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2-க்கு இறங்கினார்கள். மேடைகளிலும் பத்திரிகைகளிலும் திரும்பத் திரும்ப வருவது இந்தக் கடைசி எண்தான். கூடவே ‘பொன்னான நேரத்தைக் காப்பாற்றிய திட்டம்’ என்ற விளக்கமும் ஒட்டிக்கொண்டு வரும்.

அங்கேதான் எனக்கு இடிக்குது. அதே கட்டுரையில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கு. அடைப்பைத் திறக்கும் சிகிச்சை ஏதாவது ஒன்று கிடைத்தவர்கள் திட்டத்துக்கு முன் 88.5 சதவீதம், பின் 90.1. புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை. சிகிச்சைக்கு ஆன நேரத்திலும் மாற்றம் இல்லை. ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே இறந்தவர்கள் 5.8, பின் 5.6. அதாவது கடிகாரம் நகரவே இல்லை! பலன் கிடைத்தது என்றால், அது முதல் சில மணி நேரத்தில் கிடைத்ததாக இந்த எண்கள் காட்டவில்லை. அதற்கு அப்புறம் ஆஞ்சியோ, ஸ்டென்ட், தொடர்ந்து மருந்து என்று போன பாதையில் கிடைத்திருக்கலாம். இது சின்ன விஷயம் இல்லை, ஆனால் வேற விஷயம்.

அந்த 3.4 சதவீத வித்தியாசத்தையும் கொஞ்சம் உரசிப் பார்க்கணும். முன்–பின் ஒப்பீடுதான் செய்திருக்கிறார்கள். திட்டம் இல்லாத ஊர்களை அதே காலத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அந்த இரண்டு வருஷத்தில் மருந்து, இன்சூரன்ஸ், மருத்துவர்களின் பழக்கம் எல்லாமே தானாகவும் மாறியிருக்கும். அடுத்து, 17.6 சதவீதம் என்பது 134 மரணம். திருப்பிக் கணக்குப் போட்டால் சுமார் 760 பேர்தான் வருகிறது, 898 இல்லை. பின் கட்டத்தில் 179 மரணம் 14.2 சதவீதம் என்றால் சுமார் 1,260 பேர். இரண்டு கட்டத்திலும் ஆறில் ஒருத்தர் அளவுக்கு ஒரு வருஷக் கணக்கில் இல்லை. அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து 3.4 என்பது எந்தப் பக்கமும் சாயலாம். மற்ற காரணிகளைச் சரிக்கட்டிய பிறகு வரும் விகிதம் 0.76, அதன் எல்லை 0.58 முதல் 0.98 வரை. மேல் நுனி ஒன்றைத் தொட்டும் தொடாமலும் நிற்குது.

ஆய்வாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஒரு வருஷ இறப்பைக் குறைக்கக்கூடும் என்றுதான் அடக்கமாக எழுதியிருக்கிறார்கள். அந்த ‘கூடும்’ மேடை ஏறும்போது காணாமப் போயிடுது.

இன்னொரு எண்ணை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 2008-ல் ‘லான்செட்’டில் வந்த கிரியேட் பதிவேடு, இந்தியாவின் 89 மருத்துவமனைகளில் 20,937 நோயாளிகளைப் பார்த்தது. வலி தொடங்கி ஆஸ்பத்திரி வந்து சேர நடுத்தரமாக ஆன நேரம் 360 நிமிடம், அதாவது 6 மணி நேரம். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் 5.3 சதவீதம்தான். ஸ்டெமி நோயாளிகளில் கட்டி கரைக்கும் ஊசி கிடைத்தவர்கள் 58.5 சதவீதம். தமிழ்நாட்டு ஆய்விலோ திட்டம் தொடங்கும் முன்பே 88.5 சதவீதம் பேருக்கு அடைப்பைத் திறக்கும் சிகிச்சை கிடைத்திருக்கு. அப்போ இவை ஏற்கனவே நல்லா நடந்த மருத்துவமனைகள் என்றுதான் நினைக்கத் தோணுது. வாசலுக்குள் வந்த பிறகு திருத்த அதிகம் மிச்சமில்லை. மிச்சம் முழுக்க வாசலுக்கு வெளியே.

வெளியே என்றால் எப்படி? மண்ணரையை எடுத்துக்குங்க. ஊத்துக்குளி ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பனியன் கம்பெனி, செக்கிங் யூனிட், பிரிண்டிங். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ஒண்ணரை ஷிப்ட் முடிய ராத்திரி எட்டரை. பீஸ் ரேட்டில் ஓவர்லாக் ஓட்டுகிறவருக்கு மதியம் நெஞ்சு கரித்தால் அது கேஸ். சோடா, ஓம வாட்டர், மெடிக்கலில் ஒரு மாத்திரை. மிஷினை விட்டு எழுந்தால் அந்த வாரம் சனிக்கிழமை சம்பளத்தில் தெரியும். அந்த 360 நிமிடத்தில் பெரும்பகுதி இங்கேதான் கரையுது. ஈ.சி.ஜி.யை எவ்வளவு வேகமா அனுப்பினாலும் இதைத் தொட முடியாது.

இன்சூரன்ஸ் கண்ணியும் இங்கே கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கு. 2012-ல் காப்பீட்டுக்கான குடும்ப வருமான வரம்பு வருஷத்துக்கு 72,000 ரூபாய், அதாவது மாதம் 6,000. புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரும் கம்பெனிக்குப் போனால் தாண்டிவிடும். ஆனால் ஆஞ்சியோவுக்குக் கையிலிருந்து எடுத்து வைக்கிற அளவுக்குத் தாண்டாது. பிறகு வரம்பை 1,20,000 ஆக்கினார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து காம்பவுண்டு வீட்டில் தங்கியிருக்கிறவர்களுக்கு வருமானத்தைவிட காகிதம்தான் பிரச்சினை.

இன்னொன்று. 2,420 பேரில் பெண்கள் 386 தான், 16 சதவீதம். பெண்களுக்கு மாரடைப்பு சற்று தாமதமாக வரும், ஆய்வில் சராசரி வயது 54.7, அதனால் குறைவாக இருப்பதில் ஓரளவு நியாயம் உண்டு. மீதி வித்தியாசம் வராததாலா, வந்தும் கண்டுபிடிக்காததாலா, வீட்டிலேயே முடிந்துபோனதாலா? ஆஸ்பத்திரிக்குள் இருந்து எடுத்த கணக்கில் இதற்குப் பதில் கிடைக்காது. திருப்பூர் மாதிரி பாதி மிஷினைப் பெண்கள் ஓட்டுகிற ஊருக்கு இது முதல் கேள்வி.

தமிழக அரசு 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் இந்த ஓட்டையைப் பார்த்துதான் வந்ததோ என்று தோணுது. நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்கு அங்கேயே 14 மாத்திரை: ஆஸ்பிரின் 2, க்ளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8. பார்க்க அற்பமாத்தான் தெரியும். ஆனால் 1988-ல் வந்த ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 நோயாளிகளிடம் ஆஸ்பிரின் மட்டுமே இதய–ரத்தக்குழாய் மரணத்தை 23 சதவீதம் குறைத்தது. கட்டி கரைக்கும் ஊசி 25. இரண்டும் சேர்ந்து 42. சில பைசா மாத்திரைக்கும் ஊசிக்கும் இவ்வளவுதான் தூரம்.

அலெக்சாண்டர் குழு அடுத்து ஒரு ஆய்வு செய்தால் நான் தேடிப் படிக்க விரும்புவது ஒரு அட்டவணையைத்தான். வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, அப்போது எங்கே இருந்தார், முதலில் யாரிடம் சொன்னார், என்ன சாப்பிட்டார், எதில் வந்தார். ஆண், பெண், தொழில், ஊர் வாரியாக. இதுக்கு கேத் லேப் வேண்டாம், அட்மிஷன் போடும்போது நாலு கேள்வி கேட்டால் போதும். கோவைக்கு இங்கிருந்து 50 கிலோமீட்டர், ஆம்புலன்ஸ் ஒரு மணி நேரத்தில் போயிடும். ஆம்புலன்ஸைக் கூப்பிடும் வரை ஆகிற நேரம் எவ்வளவு என்று தெரிந்தால்தான் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இருக்கு.

ஐசிஸ்-2 பற்றி அடுத்த குறிப்பில் தனியாக எழுதறேன். அதில் ராசிப்படி நோயாளிகளைப் பிரித்துப் பார்த்த ஒரு வேடிக்கையான பகுதியும் உண்டு.