வயிற்றுக்குள் இறங்காத நினைவு

சோவியத் உளவியலறிஞர் அலெக்சாந்தர் லூரியா, மறக்க இயலாத மனிதர் ஒருவரைப் பற்றி எழுதி 1968-இல் வெளிவந்த சிறுநூலை அண்மையில் மீண்டும் படித்தோம். குருமட நாட்களில் படித்தபோது வியப்பே மிஞ்சிற்று. இம்முறை இரக்கம் மேலிட்டது.

நூலின் நாயகர் சாலமன் ஷெரெஷெவ்ஸ்கி, மாஸ்கோவில் செய்தியாளராயிருந்தவர். அவர் குறிப்பெடுக்காமலே யாவற்றையும் ஒப்பிப்பதைக் கண்ட பத்திரிகை ஆசிரியர், அவரை உளவியல் ஆய்வகத்துக்கு அனுப்பினார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் லூரியா அவரை ஆராய்ந்தார். அவருக்குச் சொல் ஒவ்வொன்றும் காட்சி, குரல்களுக்கு நிறமுண்டு. நினைவில் கொள்ளவேண்டியவற்றைத் தெரிந்த தெருவொன்றில் வரிசையாக வைத்துச் செல்வார். வெள்ளைச் சுவரருகே வைத்த முட்டையைச் சொல்லாமல் விட்டது மறதியாலன்று. சுவரின் வெண்மையில் அது கண்ணுக்குப் படாமற் போனதால்! கவிதையோ அவருக்கு எட்டவில்லை. சொற்களின் காட்சிகள் பொருளை மறைத்தன. மறக்க விரும்பிய எண்களைத் தாளிலெழுதி எரித்தும் பார்த்தார். கரிந்த ஏட்டிலும் அவை தெரிந்தன.

தூய அகுஸ்தீனார் தம் ‘அறிக்கைகள்’ நூலின் பத்தாம் பகுதியில் நினைவை மனத்தின் வயிற்றுக்கு ஒப்பிடுகிறார். இன்பமும் துன்பமும் இனிப்பாகவும் கசப்பாகவும் உள்ளே இறங்குகின்றன. அங்கே சுவை இராது. ஆதலால் பழைய துயரைத் துயரின்றி நினைக்கிறோம் என்கிறார். உவமை நகைப்புக்குரியதென அவரே ஒப்புக்கொண்டாலும், ஷெரெஷெவ்ஸ்கியை விளக்க இதைவிடச் சிறந்தது நமக்குக் கிட்டவில்லை. அவருக்கு உணவு வாயிலேயே நின்றுவிட்டது. எண்வரிசைகளும் சொற்பட்டியல்களும் மலிந்த லூரியாவின் நூலில், அம்மனிதர் தம் துயரங்களை எத்தெருவில் வைத்தார் என்பதே நாம் தேடிய செய்தி. அதற்கு அங்கே போதிய இடமில்லை.

தேடியதற்குக் காரணமுண்டு. புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகள் ஐம்புலன்களாலும் தியானிக்கக் கற்பிப்பவை. ஒரு தவக்காலத் தியானத்தில் அம்முறைப்படியே, “சிலுவையடியில் நில்லுங்கள், பாருங்கள், கேளுங்கள்” என்றோம். விபத்தில் மகனை இழந்த தாய் ஒருவர் எழுந்து வெளியே போனார். பின்னர் வந்து, “சாமி, நீங்க பாக்கச் சொன்னீங்க. நான் எம்புள்ளையத்தான் பாத்தேன். அந்த டயர் கருகின வாடை இப்பவும் வருது” என்றார். “மறந்துவிடம்மா” என்றோம். இறையியல் பயின்ற வாயிலிருந்து வந்த சொல் அது! தாளை எரிக்கச் சொன்னதற்கும் அதற்கும் வேறுபாடில்லை.

மறு ஆண்டுத் தியானத்தில், விரும்புவோர் கண்களைத் திறந்தே வைத்துக்கொள்ளலாம் என்றோம். அவர் கடைசி வரிசையில், கண் மூடாமல், மெழுகுதிரியையே பார்த்தபடி இறுதிவரை அமர்ந்திருந்தார்.