கேட்போரும் மூலபாடமும்: ஹெவி மெட்டல் சுவைஞர்களின் இசைத்தொகுப்பு மதிப்பீடுகள்

முன்னுரை

ஒரு படைப்பின் தகுதியை உறுதிசெய்வோர் யாவர் என்னும் வினா திறனாய்வு வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுவதாகும். படைப்போனா, புலமையோனா, அதனை நாள்தோறும் நுகரும் பொதுச் சுவைஞனா என்பதில் கருத்தொருமை இல்லை. 1967ஆம் ஆண்டு கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹன்ஸ் ராபர்ட் யாவுஸ் ஆற்றிய உரை, இலக்கிய வரலாற்றை வாசகரின் ஏற்பு வரலாறாகவும் எழுதவேண்டும் என்று வற்புறுத்தியது. தொல்காப்பியச் செய்யுளியல் தன் முப்பத்துநான்கு உறுப்புகளுள் கேட்போரையும் ஒன்றாக வைத்துள்ளது. எனினும் அக்கேட்போர் செய்யுளுக்குள் கூற்றைக் கேட்கும் மாந்தரே. செய்யுளைப் புறத்தே நின்று கேட்பவர் அல்லர். புறத்தே நிற்கும் கேட்போரின் மதிப்பீட்டைத் திறனாய்வாகக் கொள்ளலாமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. வெகுமக்கள் இசையாகக் கருதப்பட்டுக் கல்விப்புலத்தால் நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்ட ஹெவி மெட்டல் இசையின் சுவைஞர்கள் இவ்வினாவுக்குத் தெளிவான சான்றுகளை வழங்குகின்றனர். அமெரிக்காவைச் சேர்ந்த மெட்டாலிகா குழுவின் இசைத்தொகுப்புகள் குறித்து அவர்கள் கொண்ட கருத்துகள் இங்கு முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

ஏற்பின் தொடக்கம்

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்தைச் சேர்ந்த பிளாக் சபாத் குழுவின் முதல் தொகுப்பு 1970 பிப்ரவரியில் வெளிவந்தது. அதனை ரோலிங் ஸ்டோன் இதழில் மதிப்பிட்ட லெஸ்டர் பேங்ஸ் எள்ளி ஒதுக்கினார். கேட்போரோ அதனை வாங்கிப் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் எட்டாம் இடத்துக்கு உயர்த்தினர். இன்று அத்தொகுப்பே இவ்விசை வகையின் தோற்றுவாயாகப் பரவலாகக் கொள்ளப்படுகிறது. இவ்வகையின் முதல்நூலைத் தெரிந்தெடுத்தவர்கள் இதழியல் திறனாய்வாளர்கள் அல்லர், கேட்போரே என்பது இதனால் பெறப்படும்.

மெட்டாலிகாவின் வளர்ச்சியிலும் இந்நிலையைக் காணலாம். 1982இல் அக்குழு பதிவு செய்த ‘நோ லைஃப் டில் லெதர்’ என்னும் முன்மாதிரி ஒலிநாடா கடைகளில் விற்கப்பட்டதன்று. சுவைஞர்கள் படியெடுத்து அஞ்சலில் ஒருவருக்கொருவர் அனுப்பிய வலைப்பின்னலின் வழியே அது பரவியது. நியூஜெர்சியில் இசைத்தட்டுக் கடை நடத்திய ஜான் சசூலாவிடம் அது சென்று சேர்ந்ததன் விளைவாகவே மெகாஃபோர்ஸ் நிறுவனம் தோன்றி, 1983இல் ‘கில் எம் ஆல்’ என்னும் முதல் தொகுப்பை வெளியிட்டது. ஏடுகளைப் படியெடுத்துக் காத்த மரபை அறிந்தோர்க்கு இம்முறை அயலானதன்று. படியெடுக்கத்தக்கது எது எனத் துணிவதே அச்சூழலில் முதல் திறனாய்வுச் செயலாக இருந்தது.

கேட்கும் முறை

இச்சுவைஞர்களின் மதிப்பீட்டு அலகு தனிப்பாடல் அன்று; முழுத்தொகுப்பே ஆகும். ஸ்லேயர் குழுவின் ‘ரெயின் இன் பிளட்’ (1986) ஏறத்தாழ 29 நிமிடமே நீள்வது. அதன் ஒலிநாடாவில் இரு பக்கங்களிலும் முழுத்தொகுப்பும் இடம்பெற்றது. முடிந்தவுடன் நாடாவைத் திருப்பினால் அதே தொகுப்பு மீண்டும் தொடங்கும். இவ்வாறு இடைவிடாது கேட்டுப் பழகிய செவி, பாடல்களின் வைப்புமுறையையும் தொகுப்பின் ஒருமைப்பாட்டையும் மதிப்பிடும் பயிற்சியைப் பெறுகிறது.

அவர்களின் உரையாடல்களில் மூன்று கூறுகள் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன. முதற் கேட்பு எந்த வயதில், யார் தந்த பதிவின்வழி நிகழ்ந்தது என்னும் தன்வரலாறு முதலாவது. ஒரு தொகுப்பை அதே குழுவின் முந்தைய தொகுப்புகளோடு நிறுத்திப் பார்க்கும் ஒப்பீடு இரண்டாவது. இசைக்கருவியின் ஒலித்தன்மையைத் தனித்துப் பிரித்தறியும் நுண்ணோக்கு மூன்றாவது. 2003இல் வெளிவந்த ‘செயின்ட் ஆங்கர்’ பற்றிய விவாதம் பெரும்பாலும் ஸ்னேர் முரசின் உலோகத்தன்மை மிக்க ஒலியையும் கிதார் தனிவாசிப்பு இன்மையையும் மையமிட்டே நடந்தது. ‘பிடித்தது, பிடிக்கவில்லை’ என்னும் அளவில் நில்லாது காரணம் காட்டும் இப்பண்பே அவர்களின் கருத்தைத் திறனாய்வாக்குகிறது.

இரு சான்றுகள்

1986 செப்டம்பர் 27 அன்று ஸ்வீடனில் நிகழ்ந்த பேருந்து விபத்தில் மெட்டாலிகாவின் பேஸ் கிதார் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்தார். அவரிடத்தில் ஜேசன் நியூஸ்டெட் சேர்ந்தபின் வெளிவந்த முதல் முழுநீளத் தொகுப்பு ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ (1988). இதில் பேஸ் ஒலி ஏறத்தாழக் கேட்பதேயில்லை. இவ்வின்மையைச் சுவைஞர்கள் பலவாறு உரைத்தனர். புதியவருக்கு இழைத்த அநீதி என்றனர் சிலர். பேஸ், தாளக் கிதாரின் இசைக்கோவையையே பின்பற்றியதால் அதனுள் மறைந்தது என்றனர் வேறு சிலர். மறைந்தவரின் வெற்றிடமே ஒலிக்கிறது என்று பொருள்கொண்டோரும் உளர். ஒலிக்கலவையைச் செய்தோருள் ஒருவரான ஸ்டீவ் தாம்சன், முரசுக் கலைஞர் லார்ஸ் உல்ரிக் கேட்டுக்கொண்டதாலேயே பேஸ் ஒலி குறைக்கப்பட்டது எனப் பின்னாளில் கூறினார். மூன்றாம் உரை வரலாற்று நோக்கில் நிறுவப்படாதது. எனினும் சொல்லாது விடப்பட்டதைக் கேட்போர் தம் உணர்வால் நிறைவுசெய்யும் எச்சத்தின் இயல்பை அது நினைவூட்டுகிறது. எச்சம் என்பது கூற்றில் குறிப்பாக அமைந்துகிடப்பது. இங்குள்ள இன்மையோ அவ்வாறு குறித்து அமைக்கப்பட்டதற்குச் சான்றில்லை. இவ்வேறுபாடு மறக்கத்தக்கதன்று.

சுவைஞர்கள் உரை கூறுவதோடு நில்லாது, பேஸ் ஒலியை உயர்த்தியும் தாமே வாசித்துச் சேர்த்தும் மாற்று வடிவங்களை உருவாக்கினர். 2018இல் இத்தொகுப்பு ஒலிச்சீரமைப்புடன் மறுவெளியீடு கண்டபோதும், அது தன் காலத்தின் விளைவு என்னும் கருத்தினால் குழு பேஸ் ஒலியை உயர்த்த முன்வரவில்லை. பாடம் பிழைபட்டது எனக் கருதும் பதிப்பாசிரியன் அதனைத் திருத்தலாமா, அடிக்குறிப்பில் சுட்டி அமையவேண்டுமா என்னும் பழைய பதிப்பியல் சிக்கலே இது.

இரண்டாம் சான்று 2008 செப்டம்பரில் வெளிவந்த ‘டெத் மேக்னட்டிக்’. இதன் குறுந்தட்டில் உரத்த ஒலிக்கும் மெல்லொலிக்கும் இடையிலான வேறுபாடு மிகுதியும் சுருக்கப்பட்டு, ஒலி சிதைந்திருந்தது. இதே பாடல்கள் ‘கிதார் ஹீரோ’ என்னும் நிகழ்பட விளையாட்டுக்கும் வழங்கப்பட்டன. அவ்வடிவம் தெளிவாக ஒலிப்பதைச் செவியால் உணர்ந்த சுவைஞர்கள், இரண்டின் அலைவடிவங்களையும் கணினியில் அருகருகே வைத்து ஒப்பிட்டுத் தம் கருத்தை மெய்ப்பித்தனர். தொகுப்பை மறுசீரமைக்கக் கோரிய விண்ணப்பத்தில் 10,000க்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். இறுதிச் சீரமைப்பைச் செய்த டெட் ஜென்சன், தம்மிடம் வருமுன்னரே ஒலிக்கலவை அந்நிலையில் இருந்ததாகத் தெரிவித்தார்.

இங்கு நிகழ்ந்தது மூலபாட ஆய்வே ஆகும். இரு படிகள் கிடைத்தன, வேறுபாடு காணப்பட்டது, எது சிதைந்த பாடம் என்பது புறச்சான்றால் உறுதிப்பட்டது, சிதைவு எந்நிலையில் நேர்ந்தது என்பதும் தேடப்பட்டது. தொழில்முறை மதிப்பீட்டாளர் பலர் பாடல்களின் ஆக்கத்தைப் பேசிக்கொண்டிருக்க, ஒலிப்பதிவின் குறையை முதன்மைப் பொருளாக்கியவர்கள் சுவைஞர்களே.

உரிமைச் சிக்கல்

படியெடுத்த ஒலிநாடாக்களால் உயர்ந்த இதே குழு, 2000 ஏப்ரலில் கோப்புப் பகிர்வு நிறுவனமான நாப்ஸ்டர் மீது வழக்குத் தொடுத்தது. அடுத்த மாதம், தம் பாடல்களைப் பகிர்ந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களின் பட்டியல் அந்நிறுவனத்திடம் அளிக்கப்பட்டது. தம் ‘ஐ டிஸப்பியர்’ பாடலின் முற்றுப்பெறாத வடிவம் வெளியீட்டுக்கு முன்பே கசிந்தது என்னும் குழுவின் குறை நியாயமற்றதன்று. எப்பாடம் எப்போது வெளிவரவேண்டும் எனத் துணியும் உரிமை படைப்போனுக்கு உண்டு. ஆயினும் அப்பட்டியலில் இடம்பெற்றோர் அக்குழுவின் பாடல்களை விரும்பித் தேடிய கேட்போரும் ஆவர். 2001இல் வழக்கு உடன்பாட்டில் முடிந்த பின்னரும் கேட்போரின் மனக்கசப்பு எளிதில் தணியவில்லை. பகிர்தல் ஒரு காலத்தில் ஏற்பின் கருவியாகவும் பிறிதொரு காலத்தில் குற்றமாகவும் கருதப்பட்ட இம்மாற்றம், கேட்போரின் நிலை எத்துணை உறுதியற்றது என்பதைக் காட்டுகிறது.

இந்தியச் சூழல்

இந்தியாவில் இச்சுவை மரபுக்கு 1993இல் அலகாபாத்தில் தொடங்கப்பெற்ற ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’ இதழ் ஒரு களனாக அமைந்தது. அயன் மெய்டன் குழு 2007 மார்ச்சிலும் மெட்டாலிகா 2011 அக்டோபரிலும் பெங்களூரில் இசை நிகழ்த்தின. அதற்கு முன் இப்பெருங்குழுக்களை மேடையில் காணும் வாய்ப்பற்ற இந்தியச் சுவைஞர்களுக்கு ஒலிப்பதிவே ஒரே பாடமாக இருந்தது. நிகழ்த்துகலை ஒன்றனை நிகழ்வின்றிப் பனுவலாக மட்டுமே பயின்றமை அவர்களின் தனித்தன்மை எனலாம்.

மரபின் குறைகள்

இம்மரபு குறையற்றதன்று. 1991இல் வெளிவந்த தம் நூலில் டீனா வைன்ஸ்டைன் இப்பண்பாட்டின் ஆண்மையச் சார்பை விரிவாக ஆராய்ந்துள்ளார். 1993இல் ராபர்ட் வால்சர் இவ்விசைக்கும் ஐரோப்பியச் செவ்விசைக்கும் உள்ள உறவை நிறுவியதோடு, இதில் ஆண்மை கட்டமைக்கப்படும் முறையையும் ஆராய்ந்தார். புதிதாக வருவோரின் அறிவைச் சோதித்து விலக்குவதும், தொடக்ககாலத் தொகுப்புகளே சிறந்தவை என்னும் முன்முடிவும் இவ்வுரையாடல்களில் மிகுதி. 1991இல் வெளிவந்து பெருவிற்பனை கண்ட ‘மெட்டாலிகா’ தொகுப்பைப் பலர் விற்பனை காரணமாகவே ஐயுற்றனர். எதிர்பார்ப்பின் எல்லையை ஒரு படைப்பு மீறும்போது அதனை வளர்ச்சியாகக் காணாது வீழ்ச்சியாகவே காணும் போக்கு, நுண்ணிய செவியுடையோரையும் நடுநிலை தவறச் செய்கிறது.

முடிவுரை

ஹெவி மெட்டல் சுவைஞர்களின் மதிப்பீடுகள் முதல்நூலைத் தெரிதல், உரை கூறுதல், பாடங்களை ஒப்பிடுதல் ஆகிய மூன்று புலமைச் செயல்களையும் உள்ளடக்கியவை. இவற்றுள் பாட ஒப்பீடு மிகுந்த வலிமையுடையது, சான்றால் சரிபார்க்கத்தக்கது. உரை கூறுதல் வளமானது. எனினும் படைப்போனின் நோக்கத்தோடு மயங்கும் இயல்புடையது. முதல்நூல் தெரிதலோ பிற்காலப் படைப்புகளுக்கு வாயிலடைக்கும் இடரையும் உடையது. கேட்போரின் கூற்று யாவும் திறனாய்வாகிவிடாது. ஆனால் காரணமும் ஒப்பீடும் சான்றும் உள்ள கூற்றைப் பட்டம் பெறாதோர் கூறினர் என்பதற்காக விலக்குதல் ஆய்வுநெறி ஆகாது. ‘டெத் மேக்னட்டிக்’கின் சிதைவைக் கண்ட செவிகள் இதனை உணர்த்துகின்றன. வெகுமக்கள் கலைகளை ஆராயப் புகும் தமிழாய்வுலகம், பனுவலோடு அதனைப் பயின்றோரின் மதிப்பீடுகளையும் தரவாகத் தொகுத்தல் வேண்டும். அவ்வாறு தொகுக்காவிடின், ஏற்பின் வரலாறு விற்பனைக் கணக்காக மட்டுமே எஞ்சும்.