பேப்பர் லோடா, பட்டாசு லோடா? சிவகாசி வட்டாரத்தில் டீசல் பிக்கப்கள்

ஒன்றரை டன் பிக்கப்பில் காகித ரீம்களை அடுக்கிப் பாருங்கள். பாடியில் முழங்கால் உயரம் வருவதற்குள் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் நேராகிவிடும். அதே வண்டியில் தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் பெட்டிகளை ஏற்றினால் கேபின் கூரைக்கு மேல் பெட்டி எழும்பி நிற்கும். பட்டையின் வளைவு பாதிகூடக் குறையாது. சிவகாசியில் அச்சகம், பட்டாசு, தீப்பெட்டி மூன்றும் பக்கத்துப் பக்கத்துத் தொழில்கள். மூன்றுக்கும் ஓடுவது ஒரே ரக டீசல் பிக்கப். 'லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?' என்று மட்டும் கேட்டு அதை வாங்கினால் கணக்கு தப்பும். இந்த வண்டிகளை லோடோடும் லோடில்லாமலும் ஓட்டிப் பார்த்த பிறகு இதை உறுதியாகவே சொல்கிறேன்.

ஒரு காலத்தில் இந்தப் பக்கம் சிறு லோடு என்றால் டாடா 207. 2005-ல் டாடா ஏஸ் வந்தது. குட்டியானை என்று பெயர் வைத்து ஊரே அதை ஏற்றுக்கொண்டது. 702 சி.சி., இரண்டு சிலிண்டர். தெருவுக்குள் நுழையும், டீசல் குறைவாகக் குடிக்கும். ஆனால் சாத்தூர் ரோட்டில் பேப்பர் ஏற்றிக்கொண்டு போனால் மூச்சு வாங்கும். அந்த இடைவெளியில் 2011-ல் வந்து உட்கார்ந்தது அசோக் லேலண்டின் தோஸ்த். பொலேரோ பிக்கப் அதற்கும் முன்பிருந்தே களத்தில் இருந்தது. இன்று வாங்க நினைப்பவர் முன்னால் நிற்பவை இவைதான்: மஹிந்திரா பொலேரோ பிக்கப்பும் அதன் புதிய வடிவமான மேக்ஸும், தோஸ்தும் படா தோஸ்தும், டாடாவின் யோதா 2.0, இன்ட்ரா வி30, வி50. இசுசு டி-மேக்ஸும் உண்டு, நல்ல வண்டிதான். ஆனால் இந்த வட்டாரத்தில் குறைவாகவே ஓடுவதால் உதிரிபாகத்துக்குக் காத்திருக்க நேரும். அதை இங்கே ஒதுக்கிவைக்கிறேன்.

எஞ்சினிலிருந்து தொடங்கலாம். தோஸ்தில் இருப்பது 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர். படா தோஸ்த் அதே அளவு எஞ்சினை 80 குதிரைத்திறனுக்கு உயர்த்திக்கொண்டு 2020-ல் வந்தது. பொலேரோ பிக்கப்பில் 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர். 75 குதிரைத்திறன்தான், ஆனால் 200 நியூட்டன் மீட்டர் டார்க் கீழ் வேகத்திலேயே கிடைத்துவிடும். யோதா 2.0 இருப்பதிலேயே பலசாலி: 2.2 லிட்டர், 100 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர், இரண்டு டன் சுமைத்திறன். இன்ட்ரா வி30-ல் 1.5 லிட்டர், 70 குதிரைத்திறன், 1.3 டன்.

ஓட்டும்போது இந்த எண்கள் கைக்கும் காலுக்கும் தெரிகின்றன. தோஸ்த் நின்ற நிலையில் கொஞ்சம் அதிரும். மூன்று சிலிண்டரின் குணம் அது. எஞ்சின் இருக்கைக்குக் கீழே இருப்பதால் சித்திரை வெயிலில் விருதுநகர் ரோட்டில் போகும்போது சூடு கீழிருந்தும் வரும். பொலேரோவும் யோதாவும் மூக்கு நீண்ட வண்டிகள். எஞ்சின் முன்னால் இருப்பதால் சூடு குறைவு, பானட்டைத் தூக்கினால் எல்லாம் கைக்கு எட்டும். அதற்குக் கொடுக்கும் விலை நீளம்: சிவகாசியின் பழைய தெருக்களில் அச்சக வாசலில் திருப்ப இரண்டு முறை முன்பின் எடுக்க வேண்டும். அங்கே இன்ட்ராதான் ராஜா. அதன் எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் நாள் முழுக்க லோடு இறக்கி ஏற்றி ஓட்டுகிறவரின் தோள்பட்டையைக் காப்பாற்றும். எந்த நேரத்தில் கியர் மாற்ற வேண்டும் என்று காட்டும் விளக்கும், ஈகோ சுவிட்சும் அதில் உண்டு. புதிய ஓட்டுநர் கையில் கொடுக்கும் முதலாளிக்கு அவை உண்மையிலேயே டீசல் மிச்சம் பிடித்துத் தரும்.

இனி மைலேஜ். டேங்கை நிரப்பி, ஓட்டி, அதே பம்பில் மறுபடி நிரப்பிப் பார்ப்பதுதான் நம்பத்தக்க முறை. டேஷ்போர்டில் வரும் எண்ணை நான் எடுத்துக்கொள்ளவில்லை. முழு லோடில் தோஸ்த் லிட்டருக்கு 15 ஒட்டி, படா தோஸ்த் 13, பொலேரோ பிக்கப் 12, யோதா 11 என்று வைத்துக்கொள்ளலாம். ஓட்டுகிற கையைப் பொறுத்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் முன்பின் போகும். இந்த வரிசையை மட்டும் பார்த்தால் தோஸ்த் ஜெயிக்கிறது. சுமையோடு பெருக்கிப் பாருங்கள். தோஸ்தின் 1.25 டன்னை 15-ஆல் பெருக்கினால் ஒரு லிட்டரில் ஒரு டன் சரக்கு 18.75 கிலோமீட்டர் போகிறது. பொலேரோவின் 1.7 டன் மாடலுக்கு அது 20.4. யோதாவுக்கு 22. 1.8 டன்னைத் தாண்டி ஏற்றும் படா தோஸ்த் ஐ4-க்கு 23-க்கு மேல். தோஸ்தை விடக் குறைந்த மைலேஜ் காட்டும் வண்டிகள்தான் ஒரு டன்னை மலிவாகக் கொண்டுபோகின்றன.

ஆனால் இது பாடி நிறைய எடை ஏறினால்தான். விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகவர 50 கிலோமீட்டர் சொச்சம். ஐந்து டன் பேப்பரைக் கொண்டுவர தோஸ்துக்கு நான்கு நடை, பொலேரோ 1.7-க்கும் யோதாவுக்கும் மூன்று நடை. 200 கிலோமீட்டருக்குத் தோஸ்த் குடிப்பது 13.3 லிட்டர், 150 கிலோமீட்டருக்குப் பொலேரோ 12.5, யோதா 13.6. டீசலில் பெரிய வித்தியாசமே இல்லை. வித்தியாசம் ஒரு நடை மிச்சமாவதில் இருக்கிறது: ஓட்டுநரின் ஒன்றரை மணி நேரம், லோடுமேன்களின் காத்திருப்பு, டயர். காலண்டர் சீசனில் அந்த ஒரு நடைக்கு டீசலை விட மதிப்பு அதிகம். ஆடிப்பெருக்கு அன்று புது காலண்டர் ஆல்பம் வெளியாவதிலிருந்து மார்கழி வரை பேப்பர் ஓடிக்கொண்டே இருக்கும்.

பட்டாசுப் பெட்டிக்கு வந்தால் கணக்கு தலைகீழ். கம்பி மத்தாப்பு கனம். இரும்புக் கம்பி அல்லவா. ஆனால் ஃபேன்சி ரகங்களும் கிஃப்ட் பாக்ஸும் இடத்தை அடைக்குமே தவிர எடை வராது. தீப்பெட்டிக்கான காலிப் பெட்டிகள் இன்னும் மோசம். இவற்றுக்கு இரண்டு டன் சுமைத்திறன் வாங்கி என்ன பயன்? பாடியின் நீளம்தான் காசு. தோஸ்தில் எட்டடி சொச்சம், இன்ட்ரா வி30-ல் அதைவிடக் கொஞ்சம் கூடுதல், பொலேரோவின் நீள மாடலில் ஒன்பதடி, இன்ட்ரா வி50-யும் படா தோஸ்தும் ஒன்பதரை அடியைத் தாண்டும். மேக்ஸின் நீளமான மாடல் பத்தடி. இந்த லோடுக்கு மைலேஜைத் தின்பது காற்று. கேபினுக்கு மேல் எழும் பெட்டியும் படபடக்கும் தார்பாயும் காற்றை எதிர்த்து நிற்கின்றன; வேகம் 60-லிருந்து 80-க்கு ஏறினால் காற்றின் எதிர்ப்பு முக்கால் மடங்குக்கு மேல் கூடும். தேசிய நெடுஞ்சாலை 44-ல் மதுரைக்குப் போகிற பட்டாசு வண்டி 60, 65-ல் போனால், எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் மைலேஜ் கண்ணுக்குத் தெரியும்படி உயரும். தார்பாயை இறுக்கிக் கட்டுவதும் டீசல் மிச்சம்தான். சரக்குக்கும் அது பாதுகாப்பு.

இதுவரை சொன்னவை எந்த ஊருக்கும் பொருந்தும். இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது, அதை விற்பனையாளர் யாரும் முன்வந்து சொல்வதில்லை.

2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் டீசல் வண்டிகள் எல்லாம் பி.எஸ். 6. அவற்றின் புகைக் குழாயில் கரித்தூளைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கும். பிடித்த கரியை அது அவ்வப்போது எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அதற்காக எஞ்சின் கூடுதல் டீசலைச் செலுத்தும். வடிகட்டிக்குள் வெப்பம் ஏறக்குறைய 600 டிகிரி வரை போகும். நெடுஞ்சாலையில் கால் மணி நேரம் சீராக ஓடினால் இந்த வேலை தானாக முடிந்துவிடும். ஓட்டுநருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

பட்டாசு ஆலை வண்டிகளின் வாழ்க்கை அப்படியில்லை. ஆலையிலிருந்து குடோனுக்கு ஐந்து கிலோமீட்டர், குடோனிலிருந்து லாரி செட்டுக்கு எட்டு கிலோமீட்டர். வெம்பக்கோட்டைப் பக்கத்து மண் சாலையில் இரண்டாம் கியர், கேட்டில் நிறுத்தம். லோடு ஏற்றும்போது எஞ்சினை அணைத்தே ஆக வேண்டும். எரிப்பு பாதியில் நிற்கிறது. மறுநாள் மறுபடி தொடங்குகிறது, மறுபடி நிற்கிறது. ஒவ்வொரு முறையும் கூடுதல் டீசல் வீண். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலக்கும். ஆயில் அளவு குறைவதற்குப் பதில் கூடும், அதன் வழவழப்புப் போகும். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு, பிறகு எஞ்சின் வேகம் குறைதல், கடைசியில் சர்வீஸ் சென்டரில் லேப்டாப் மாட்டிக் கட்டாய எரிப்பு. 'புது வண்டி மைலேஜே கொடுக்கலை' என்று வருத்தப்படுகிற பல உரிமையாளர்களின் வண்டிக்கு நோய் இதுதான். வண்டி கெட்டதல்ல, ஓட்டம் அதற்கு ஒத்துவரவில்லை.

இதில் பணத்தை விடப் பெரிய கவலை ஒன்று உண்டு. விளக்கு எரிகிறதே என்று வண்டியை நிறுத்திவைத்து, பட்டனை அழுத்தி எரிப்பை ஓடவிடுவது எல்லா மாடலிலும் இல்லாவிட்டாலும் சிலவற்றில் முடியும். அதை ஆலை வளாகத்திலோ, குடோன் வாசலிலோ, காய்ந்த புல் மேலோ, சரக்கு ஏற்றிய நிலையிலோ ஒருபோதும் செய்யக்கூடாது. வெடிமருந்துத் தூசி படிந்த இடத்தில் அந்தச் சூடு என்ன செய்யும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காலி வண்டியை எடுத்துக்கொண்டு வாரத்துக்கு ஒருமுறை சாத்தூர் போய், நான்குவழிச் சாலையில் கோவில்பட்டி வரை சீராக ஓட்டித் திரும்புங்கள். சில லிட்டர் டீசல் செலவாகும். வடிகட்டி மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

சில பட்டறைகளில் வடிகட்டியையே வெட்டி எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். மைலேஜ் கூடும் என்பது அவர்கள் வாதம். சட்டப்படி அது குற்றம், எப்.சி.யில் மாட்டும். அதை விட, எஞ்சினிலிருந்து வரும் கங்கு வெளியே போகாமல் பிடித்துவைப்பதும் அந்த வடிகட்டிதான். பட்டாசு ஏற்றும் வண்டியில் அதை எடுப்பதை எந்தக் காரணத்துக்காகவும் என்னால் ஏற்க முடியாது. ஓட்டுநரும் லோடுமேனும் அந்த வண்டியில்தான் போகிறார்கள்.

உழைப்பைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் கெடுப்பது அதிக லோடுதான். ஒன்றரை டன் வண்டியில் இரண்டரை டன் பேப்பர் ஏற்றினால் முதலில் பட்டை, பிறகு பின்சக்கர பேரிங், பிறகு கிளட்ச் பிளேட். கூடுதல் பட்டை போட்டுக் கட்டிக்கொண்டால் பட்டை பிழைக்கும். அதிர்ச்சி முழுவதும் ஹவுசிங்குக்கும் சேஸிஸுக்கும் போகும். இந்தத் தண்டனையைத் தாங்குவதில் பொலேரோவும் யோதாவும் மற்றவற்றை விட ஒரு படி மேல். மழைக்குப் பின் கரிசலில் இறங்கினாலும் அப்படித்தான். காலி பிக்கப்பின் பின்சக்கரம் கரிசல் சேற்றில் சும்மா சுற்றும். பொலேரோவிலும் யோதாவிலும் நான்கு சக்கர இயக்க மாடல்கள் கிடைக்கின்றன. ஆலைக்குப் போகும் வழி மண்சாலையாக இருப்பவர்கள் யோசிக்கலாம்.

பட்டறை வசதியில் பொலேரோவுக்கு இன்றும் போட்டி இல்லை. விருதுநகர், அருப்புக்கோட்டை, ராஜபாளையம், எங்கே நின்றாலும் அதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த கை ஒன்று கிடைக்கும். தோஸ்த் தயாராவது மாநிலத்துக்குள்ளேயே, ஓசூரில்; உதிரிபாகம் சிரமமில்லை.

என் தேர்வு இப்படி. பேப்பரும் பருப்பும் எண்ணெய் டின்னும் ஏற்றுகிறவருக்குப் படா தோஸ்த்; சாலை மோசமாக இருந்தால் பொலேரோ 1.7 அல்லது யோதா. கிஃப்ட் பாக்ஸும் தீப்பெட்டியும் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவருக்கு இன்ட்ரா வி50. ஊருக்குள்ளேயே அச்சகத்துக்கும் பைண்டிங்குக்கும் சுற்றுகிறவருக்கு வி30 போதும். நாளுக்கு 20 கிலோமீட்டர்கூட ஓடாத ஆலை வண்டிக்குப் புது டீசல் பிக்கப்பே வேண்டாம் என்பேன். நல்ல நிலையில் உள்ள பி.எஸ். 4 பொலேரோவோ தோஸ்தோ தேடுங்கள். பெரும்பாலும் இந்த வடிகட்டித் தொல்லை இருக்காது; ஆனால் கங்கைப் பிடிக்க அதில் வேறு தடுப்பு பொருத்திக்கொள்ள வேண்டும். வாங்கும் முன் வண்டியைக் குழியில் ஏற்றி, பட்டைக் கட்டில் புதிதாகச் சேர்த்த தகடு இருக்கிறதா, சேஸிஸில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் அது கூடுதல் பேப்பர் சுமந்த வண்டி. விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள்.